தனிமையும் துணையும்: முடிதிருத்துவோர் வாழ்வை முன்னிட்டு ஒரு விசாரம்

தனிமை என்னும் சொல் நம் சமய வழக்கிலே உயர்வாகவும், உலக வழக்கிலே துயராகவும் வழங்குகின்றது. முனிவர் தனிமையை நாடினர். முதியோர் தனிமைக்கு அஞ்சுகின்றனர். ஒரு சொல் இவ்விரு நிலைகட்கும் எங்ஙனம் பொருந்தும் என்பதும், துயராகிய தனிமை அதனை அனுபவிப்போனுடைய குறையோ, அன்றி அவனைச் சூழ்ந்து வாழ்வோருடைய குறையோ என்பதும் ஆராயத்தக்கன. இவற்றைப் பொதுப்படப் பேசின் பொருள் நன்கு விளங்காது. ஆதலின், நாள்தோறும் பலரோடு பழகியும் தனிமையால் வருந்தும் ஒருவரது வாழ்வை எடுத்துக்கொண்டு விசாரித்தல் நலம். சிகையலங்கரிப்பு நிலையம், அஃதாவது சலூன், நடத்தி வாழும் ஒருவரை ஈண்டு அவ்வாறு எடுத்துக்கொள்வாம்.

"சலூன் நடத்துவோனுக்குத் தனிமை ஏது? காலை முதல் இரவு வரை ஆட்கள் வந்து போகின்றனர், ஊர்ச் செய்தி யாவும் அவன் கடையிலேயே பேசப்படுகின்றது" என்று சிலர் வினவுவர். அவ்வினா மேலோட்டமாக நோக்குவார்க்கே எழும். அவரிடத்து வருவோர் தம் தலையைக் கொடுக்கின்றனர். தம் கழுத்தைக் கூரிய கத்தியின்கீழ் நம்பிக் கொடுக்கின்றனர். தம் குடும்பத்துப் பிணக்கையும் கடனையும் நோயையும் சொல்லுகின்றனர். அவரோ வேலையிற் கண்ணாய், "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொள்ளுகின்றார். இருபது நிமிடம் கழிந்ததும் வந்தவர் கண்ணாடியிலே தம் முகத்தைக் கண்டு, காசு கொடுத்துப் போகின்றார். "உங்கள் மகள் பரீட்சை எழுதினாளே, பெறுபேறு எப்படி?" என்று அவரை வினவுவோர் எத்தனை பேர்? அவருடைய கைகளை ஊர் முழுவதும் அறியும்; அவரை அறிவார் சிலரே. கண்டு பேசுவார் இல்லாமையைக் காட்டிலும், பேசுவார் பலர் இருந்தும் அறிவார் இல்லாமையே கொடிய தனிமையாம்.

கடையின் உரிமையாளராயின் இத்துன்பம் பின்னும் ஒரு படி மிகும். உடன் வேலை செய்வோர் தமக்குள் நகைத்துப் பேசுவர். முதலாளி அருகே வரின் பேச்சு அடங்கும். கடை வாடகையும், மின்சாரக் கட்டணமும், வேலையாட்களுக்குரிய பங்கும், வாங்கிய கடனின் வட்டியும் அவர் ஒருவர் நெஞ்சிலே கிடக்கும். வேலை பயின்ற இளைஞர் ஒருவர் வெளிநாட்டுக்குப் புறப்படின், அவரை மகன்போல் வளர்த்த முதலாளி வெற்று நாற்காலியைப் பார்த்து நிற்பார். பல்லாண்டு தம்மிடமே வந்த வாடிக்கையாளரும் போர்க்காலத்து இடப்பெயர்விலே சிதறிக் கடல் கடந்தனர். 2020 ஆம் ஆண்டு கொள்ளைநோயின்போது சலூன்கள் அடைக்கப்பட்டபொழுது, வருவாய் இழந்ததோடு மனித முகம் காணும் வாயிலையும் இவர் இழந்தார்.

நம் சைவ நாட்குறிப்பும் இவர்தம் தனிமையை அளக்கும் கோலாய் இருக்கின்றமை சிந்திக்கற்பாலது. செவ்வாயும் வெள்ளியும் அமாவாசையும் பூரணையும் சவரம் விலக்குவோர் நம்மவருட் பலர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவ காலத்திலே விரதம் பூண்டு முடி களையாதிருப்போரும் பலர். ஆகவே, ஊர் முழுவதும் திரண்டு மகிழும் நாட்களே இவர் கடையில் ஆள் இல்லாத நாட்களாகின்றன. பெருநாளுக்கு முந்திய இரவோ நடுயாமம் வரை கூட்டம் நெருங்கும். மற்றையோர் வீட்டிலே பலகாரம் சுட்டுக் குழந்தைகளோடு களித்திருக்கும் அவ்வேளையில் இவர் நின்று வேலை செய்வார். பிறருடைய ஓய்வு இவருடைய உழைப்பு. பிறருடைய விழா இவருடைய வெறுமை.

பிறர் சொல்லும் இரகசியங்களைக் காத்தலும் இத்தொழிலின் தருமமாகும். யவன தேசத்துப் பழங்கதை ஒன்று இதனை அழகாகக் காட்டும். மைதாஸ் என்னும் அரசனுக்குக் கழுதைக் காது முளைத்தது. அதனை அறிந்தவன் அவனுக்கு முடி திருத்துவோன் ஒருவனே. வெளியே சொல்லின் உயிர்க்கு அபாயம். சொல்லாதிருக்கவும் நெஞ்சு பொறுக்கவில்லை. ஆகவே, அவன் நிலத்திலே குழி தோண்டி, அதனுள் மெல்லச் சொல்லி மூடினான். அவ்விடத்து முளைத்த நாணல் காற்றிலே அதனைச் சொல்லிற்று என்பது கதை. இதனை நகைச்சுவைக்காகவே சொல்வர். எனினும், கேட்டதையெல்லாம் அடக்கி வைக்கும் ஒருவனுக்குத் தன் நெஞ்சைத் திறக்க மண்ணைத் தவிர வேறு துணை இல்லாமற் போயிற்று என்பதே அதன் உட்பொருளாகும்.

இனி, இத்தனிமை எவ்வாறு தோன்றிற்று என நோக்குவாம். முற்காலத்திலே யாழ்ப்பாணத்தில் முடிதிருத்துவோர் குடிமைத் தொழிலாளராய் வீடு வீடாகச் சென்றனர். இன்ன குடும்பத்துக்கு இன்னார் என்னும் வரையறை இருந்தது. கூலி பெரும்பாலும் நெல்லாகவும் பிற விளைபொருளாகவும் கொடுக்கப்பட்டது. குழந்தைக்கு முதன்முதல் முடி இறக்குவதும் அவர். இழவு வீட்டிலே கடமை செய்பவரும் அவர். அக்குடும்பத்துப் பிறப்பு இறப்பு யாவும் அவர் அறிவார். அவர் வீட்டு நன்மை தீமையையும் அக்குடும்பத்தார் ஒருவாறு அறிவர். ஆயினும், அவருக்குத் திண்ணையிலே ஆசனம் இல்லை; தாம் செய்யும் தொழிலை மறுக்கும் உரிமையும் இல்லை; தம் பேரன் வயதுச் சிறுவனும் அவரை ஒருமையில் அழைத்தான். அங்கே தொடர்பு உண்டு, மதிப்பு இல்லை.

சலூன் ஏற்பட்டபின் இந்நிலை மாறிற்று. அவர் பிறர் வாயிலிலே காத்து நின்ற காலம் போய், பிறர் அவர் வாயிலிலே வாங்கில் இருந்து காத்திருக்கும் காலம் வந்தது. நீதிபதியும் லொறிச் சாரதியும் ஒரே நாற்காலியில் அமர்ந்தனர். கூலியை அவரே விதித்தார். இஃது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால், காசு கைமாறியவுடன் கடமை முடிந்தது என்னும் எண்ணமும் அதனுடன் வந்தது. பழைய கட்டு அறுந்தது. அக்கட்டு நின்ற இடத்திலே புதிய உறவு முளைக்கவில்லை. இன்றைய சலூன் உரிமையாளரின் தனிமைக்கு மூலம் இதுவே என்க.

அற்றேல், பழைய வழக்கமே நன்று எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. நம் சித்தாந்தம் இவ்விடத்து ஒரு நல்ல வேறுபாட்டைக் கற்பிக்கின்றது. பாசம் என்பது கட்டு. நேயம் என்பது அன்பு. இரண்டும் தொடர்பே எனினும் ஒன்றல்ல. பாசம் ஒருவனைத் தன் வசப்படுத்திச் சிறுமை செய்யும். நேயம் ஒருவனை அவனாகவே இருக்கவிட்டு அவனோடு உடன் நிற்கும். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்கின்றான் என்று நம் ஆசாரியர்கள் உபதேசித்தனர். உயிரை விழுங்கித் தன்னுள் மறைப்பதுமில்லை; உயிரை விட்டு அகன்று போவதுமில்லை. மனிதர் தம்முள் கொள்ளும் உறவுக்கும் இதுவே இலக்கணமாதல் வேண்டும். குடிமை முறை பாசமாயிருந்தது. சலூன் அப்பாசத்தை நீக்கிற்று. நேயத்தை உண்டாக்கும் கடமை எஞ்சி நிற்கின்றது. அதனைக் கத்தியும் சீப்பும் செய்யமாட்டா. மனிதரே செய்தல் வேண்டும்.

இவ்விடத்து இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது: "சைவம் தனிமையைப் போற்றுகின்றதன்றோ? யோகியர் ஏகாந்தம் நாடினரே; அதனை நோய் எனக் கருதி நீக்க முயல்வது ஏன்?" என்பது. ஏகாந்தம் வேறு, புறக்கணிப்பு வேறு. உணவு உடையான் விரதம் இருப்பதும், உணவு இல்லான் பட்டினி கிடப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. உள்ளே இரண்டும் மலையும் மடுவும் போல்வன. விரும்பிக் கொண்ட தனிமை தவம். பிறரால் சுமத்தப்பட்ட தனிமை துன்பம். அன்றியும், ஞானியரும் கூட்டுறவை வேண்டாதாரல்லர். மணிவாசகப் பெருமான் தம்மோடிருந்த அடியார் இறைவனோடு செல்லத் தாம் பின் தங்கியமைக்கு இரங்கிய இரக்கம் திருவாசகம் ஓதுவோர் யாவரும் அறிந்ததே. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்திலே, மலம் நீங்கிய ஞானியும் அன்பரோடு கூடியிருத்தல் வேண்டும் என விதித்தார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு ஆதலின், நற்சார்பு முத்தி நிலையினர்க்கே வேண்டப்படுமாயின், நாள் முழுதும் நின்று உழைத்து இரவிலே கடையைப் பூட்டித் தனியே செல்லும் ஒருவருக்கு அது வேண்டா எனக் கூறல் எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது ஆட்சேபம்: "இறைவன் யாவருக்கும் உடனாய் நிற்கின்றான் ஆதலின், அவனைத் துணையாகக் கொண்டால் மனிதத் துணை எதற்கு?" என்பது. இதன் முற்பகுதி முழு உண்மை. தனித்திருப்போர்க்கு இதனினும் சிறந்த மருந்து இல்லை. ஆயின், பிற்பகுதி நாம் நம் கடமையினின்றும் தப்பிக்கொள்ளக் கூறும் சாக்கு. பசித்தவனை நோக்கி, "இறைவன் படியளப்பான்" என்று கூறிக் கதவை அடைப்பவன் இறைவனைப் போற்றினவன் ஆகான். இறைவன் அளக்கும் படி பெரும்பாலும் மனிதர் கையினாலேயே வருகின்றது. அவன் துணையும் அவ்வாறே வரும்.

இனி, அத்தனிமையை அனுபவிப்பார் தாமே செய்யத்தக்கன சில உள. அவற்றை அவர் குறை கூறும் நோக்கமின்றி, உடன்பிறந்தார்க்குச் சொல்லுமாறு சொல்வாம். கடையில் ஆள் இல்லாத வெள்ளிக்கிழமையை நட்டக் கணக்கில் எழுதாது தமக்குரிய நாளாகக் கொள்ளலாம். அன்று காலை நீராடி, நீறணிந்து, கோயிலுக்குச் செல்லலாம். கூட்டுப் பிரார்த்தனையிலே சேர்ந்து பாடலாம். தனியே ஓதுவதற்கும் பத்துப்பேரோடு ஓதுவதற்கும் உள்ள வேறுபாடு, குரல் ஒன்றுபடும்பொழுது தெரியும். அயற்கடையில் அதே தொழில் செய்வாரைப் போட்டியாளர் எனக் கருதாது, மாதம் ஒருமுறையேனும் கூடிப் பேசலாம். ஒருவர் நோயுறின் மற்றவர் அவர் கடையைப் பார்த்துக்கொள்ளும் முறை அதனால் உண்டாகும். தம்மிடம் தொழில் பயில வரும் இளைஞருக்குக் கத்தரி பிடிக்கக் கற்பிப்பதோடு, பகலிலே ஒன்றாயிருந்து உண்ணலாம். வருவோர் பேச்சைக் கேட்பதோடு, நம்பத்தக்க ஒருவரிடம் தம் செய்தியையும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். கேட்கும் மனமுடையோர் நாம் நினைப்பதிலும் பலர், கேட்க அறியாமையாற் சும்மா இருப்போரே மிகுதி. இரவின் வெறுமையை மதுவினாலோ, விடியுமளவும் கைபேசியைப் பார்த்தலினாலோ நிரப்ப முயலின், மறுநாள் அவ்வெறுமை பெருகியே நிற்கும். உறக்கமும் பசியும் கெட்டு, உயிர் வாழ்வதில் வெறுப்பும் தோன்றுமாயின், அது மருத்துவரிடம் சொல்லத்தக்க நோய். அதனைச் சொல்லுதல் இழுக்கு அன்று.

மற்றுமொன்று உண்டு. நம் நாட்டிலே சலூன்கள் சில தம்மினும் தாழ்ந்தோர் எனப்பட்டாரை ஏற்க மறுத்த காலமும் இருந்தது. மேலோர் எனப்பட்டார்க்கு அஞ்சிச் செய்த செயலே அது எனினும், தள்ளப்பட்டவர் தாமும் பிறரைத் தள்ளுமாறு செய்தலே சாதிக் கொடுமையின் இயல்பு. அது ஒவ்வொரு படியிலும் நிற்பாரை மேலும் கீழும் துணையற்றவராக்குகின்றது. ஆதலின், யாவர்க்கும் ஒரே நாற்காலி, ஒரே துணி, ஒரே முறை என நிறுத்தும் சலூன் உரிமையாளர் பிறர் தனிமையை நீக்குவதோடு தம் தனிமைக்கும் ஒரு கதவு திறக்கின்றார்.

சூழ்ந்து வாழ்வோர் செய்யத்தக்கது யாது? இதற்குப் பெரியபுராணம் நமக்கு நல்ல ஆசிரியராய் நிற்கின்றது. சேரமான் பெருமாள் முடிசூடி யானைமேல் உலாவரும்போது, உவர்மண் படிந்து வெளுத்த மேனியோடு வந்த ஏகாலி ஒருவரைத் திருநீற்றுக் கோலமாகக் கண்டு, யானையினின்றும் இறங்கி வணங்கினார். அஞ்சி நடுங்கித் தம்மைத் தாழ்த்திக் கூறிய அவர்முன், வேந்தரும் தம்மை அடியராகவே கூறி, வருந்தாது செல்க என்றார். தொழிலின் அழுக்கைக் கண்ட கண்களுக்குள்ளே அதனைத் திருநீறாகக் கண்ட கண் ஒன்று இருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் தங்குதற்கு இடம் கொடுக்கும்படி திருஞானசம்பந்தப் பெருமான் பணிப்ப, திருநீலநக்க நாயனார் தம் மனையின் நடுவே வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலே இடம் கொடுத்தார். தீ அணையவில்லை, முன்னையினும் ஓங்கி எரிந்தது. புறத்திண்ணையிலே இடம் கொடுத்திருப்பினும் கடமை தீர்ந்திருக்கும். வீட்டின் நடுவே கொடுத்தமையாலன்றோ அது புராணமாயிற்று!

அயற் சமயங்களிலும் இதற்குச் சான்றுண்டு. சாக்கியர்க்கு முடிதிருத்துவோராயிருந்த உபாலி என்பார், சாக்கிய அரசகுமாரர் வேண்டுகோளின்படியே அவர்களுக்கு முன்னதாகத் துறவு அளிக்கப்பெற்றார். முன்னர்த் துறந்தாரைப் பின்னர்த் துறந்தார் வணங்குதல் விதி ஆதலின், தங்கள் குலச் செருக்கு அடங்கும் என்று அக்குமாரரே அவ்வாறு வேண்டினர் என்பது பௌத்தர் வரலாறு. பின்னர் விநய ஒழுக்கத்தைத் தொகுத்துரைத்தவரும் அவரே. வடநாட்டிலே சேனா என்னும் முடிதிருத்தும் பக்தர் வழிபாட்டில் ஈடுபட்டிருந்த வேளையில், அரசனுக்குரிய பணியை இறைவனே அவர் உருவிற் சென்று செய்தான் என்பர். அவருடைய பாடல் ஒன்று சீக்கியர் திருமுறையிலும் இடம்பெற்றுள்ளது. ஒருவர் வணங்கும்பொழுது அவர் வேலையைத் தான் ஏற்கும் இறைவனை நோக்கின், ஒருவர் வருந்தும்பொழுது அவர் சொல்லைக் கேட்கக் காது கொடாத நாம் எத்துணைத் தூரத்தில் நிற்கின்றோம் என்பது புலனாகும்.

இக்காலத்து விஞ்ஞானமும் தனிமையை அற்ப விஷயமாகக் கருதவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் இதன்பொருட்டு 2023 இல் ஓர் ஆணைக்குழுவை நிறுவிற்று. உலகில் ஆறு பேருள் ஒருவர் தனிமையால் வருந்துகின்றனர் என 2025 இல் வெளிவந்த அதன் அறிக்கை கூறுகின்றது. முடிதிருத்துவோரின் செல்வாக்கையும் ஆராய்ந்தோர் உளர். அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கறுப்பின மக்களுடைய 52 சலூன்களிலே, இரத்த அழுத்தமுடைய 319 ஆடவரிடத்து ஓர் ஆய்வு நடத்தப்பெற்று 2018 இல் வெளியிடப்பெற்றது. மருந்தாளர் சலூனுக்கே வந்து மருந்து கொடுக்க, முடிதிருத்துவோர் ஊக்கம் கூறியபொழுது, அழுத்தம் பெரிதும் தணிந்தது. மருத்துவமனையை நம்பாதவரும் தம் முடிதிருத்துவோரை நம்பினர். இது மகிழத்தக்கது. ஆயினும், இங்கும் அவர் பிறர் நலத்துக்குரிய கருவியாகவே நோக்கப்படுகின்றார். பிறருக்கெல்லாம் செவியாயிருக்கும் ஒருவருக்குச் செவியாயிருப்பார் யார் என்னும் வினா எஞ்சுகின்றது.

ஆசிரியப் பெருமக்காள்! அவ்வினாவுக்கு விடை உங்கள் கையிலே பெரிதும் உள்ளது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க எடுத்த முயற்சிக்கு நம்மவருள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1968 இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்ல வேண்டி மக்கள் நிற்க நேர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே வந்தவரோடு பேசுமாறு ஒருவரையும் அது கட்டாயப்படுத்தமாட்டாது. பேசக் கற்பிப்பது பள்ளிக்கூடம்.

யாழ்ப்பாணத்துத் தமிழிலே முன்னிலை மூன்று வகைப்படும்: நீ, நீர், நீங்கள். எவரை எவ்வாறு விளிக்கின்றோம் என்பதிலே நம் சமயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. தந்தையின் வயதினராகிய முடிதிருத்துவோரை "நீ" என விளிக்கும் இளைஞன் தேவாரம் எத்தனை மனனம் செய்தும் பயன் யாது? மாணாக்கர்க்கு இதனைப் புத்தகத்தால் மாத்திரம் கற்பிக்க முடியாது. ஆசிரியர் தாமே சலூனுக்குச் செல்லும்பொழுது "நீங்கள்" என்று விளித்து, அவர் பெயரைக் கேட்டறிந்து, வேலை முடிந்தபின் ஐந்து நிமிடம் வாங்கில் இருந்து, அவர் வீட்டு நலம் விசாரித்தல் வேண்டும். உடன் செல்லும் பிள்ளை அதனைக் காணும், கண்டது மறவாது. வகுப்பிலே தந்தையின் தொழிலைக் கேட்கும்பொழுது, ஒரு பிள்ளை மெல்லிய குரலிலே விடை சொல்லின், அக்குரல் ஏன் தாழ்ந்தது என்பதை ஆசிரியர் அறிதல் வேண்டும். அப்பிள்ளையின் தந்தையைப் பள்ளி விழாவுக்கு மற்றையோர் போலவே அழைத்து, முன் வரிசையிலே இருத்தல் வேண்டும். கோயிலிலே நேர்த்திக்காக முடி இறக்கும் தொண்டினை விளக்கும்பொழுது, முடி கொடுப்போனது பணிவைச் சொல்வதோடு, முடி களைவோரது தொண்டினையும் சொல்லுதல் வேண்டும். ஆணவத்தின் அடையாளமாக நாம் இறக்கி வைக்கும் முடியை எடுப்பது அவர் கை.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். துயராகிய தனிமை, பெரும்பாலும், தனித்திருப்போனது குறை அன்று. தொடர்பைத் தொழிலளவில் நிறுத்திக்கொண்ட நம்முடைய குறை. அதனை இறைவன் திருவருளை நினைந்து பொறுத்தல் அவர் பங்கு. பொறுக்கவேண்டிய தேவையைக் குறைத்தல் நம் பங்கு. பாசத்தை மீண்டும் கட்டாது, காசோடு உறவை முடிக்காது, நேயத்தால் உடன் நிற்பதே சைவநெறி. அடுத்த முறை தலையைக் கொடுக்கும்பொழுது, செவியையும் கொடுப்போமாக.

திருச்சிற்றம்பலம்.